திருத்தியவர் கடன்

ஒருவர் ஆக்கிய பொருளை மற்றொருவர் எடுத்துத் திருத்துகின்றார். அத்திருத்தம் யாருக்கு உரியது? திருத்தியவர்க்கு மட்டுமா? அதனைப் பயன்படுத்தும் அனைவர்க்குமா? கணிப்பொறி உலகில் நாற்பது ஆண்டுகளாக ஓயாது நடந்துவரும் வழக்கு இது. இரு திறத்தார் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆதலால் இதனைக் கேட்பதில் எனக்குச் சலிப்பு ஏற்பட்டதே இல்லை.

மென்பொருளுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. மனிதர் எழுதுவதும் படித்துணர்வதும் மூல நிரல். பொறி இயங்குவதற்கென்று மாற்றியமைக்கப்பட்டது மற்றொன்று. அது நம் கண்ணுக்கு வெறும் எண்களின் குவியல். பின்னதை மட்டும் பெற்றவர் கருவியைப் பயன்படுத்தலாம். அதில் பழுது நேர்ந்தால், கைகட்டி நிற்பதன்றி வேறு வழியில்லை.

அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் பணியாற்றிவந்தார். அங்கிருந்த அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்போர்க்கு உடனே செய்தி செல்லுமாறு அதன் மென்பொருளை அவர் திருத்தியிருந்தார். 1980-ஆம் ஆண்டையொட்டிப் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதிலும் தாள் சிக்கிற்று. ஆனால் மூல நிரல் உடன் வரவில்லை. அந்நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் சென்று கேட்டார். எவர்க்கும் தருவதில்லை என்று வாக்களித்துள்ளதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். அற்பமான நிகழ்ச்சிதான். எனினும் அம்மறுப்பு ஸ்டால்மன் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1983-இல் ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989-இல் குனு பொது உரிமத்தின் முதற்பதிப்பு வெளிவந்தது.

அவ்வுரிமத்தின் நுட்பம் வியக்கத்தக்கது. பதிப்புரிமைச் சட்டம், பிறர் படியெடுப்பதைத் தடுக்கும் ஆற்றலை ஆசிரியர்க்கு அளிக்கின்றது. அவ்வாற்றலைக் கொண்டே, ‘எவரும் தடுத்தல் கூடாது’ என்று விதித்தார் அவர். இயக்கலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம், விலைக்கு விற்கவும் செய்யலாம். ஆனால் திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோர், மூல நிரலையும் அதே உரிமத்தின்கீழ் அவர்க்குத் தரல் வேண்டும். ஒன்றை இங்கே நினைவிற் கொள்க: தம் வீட்டிலோ அலுவலகத்திலோ மட்டும் பயன்படுத்துவோர்க்கு இக்கடன் இல்லை. திருத்தம் அனைத்தையும் ஊரறியப் பறைசாற்ற வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். உரிமம் அவ்வாறு கூறவில்லை.

கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பிறந்த உரிமமோ வேறு வகையானது. ஆக்கியோர் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்காதிருந்தால் போதும். திருத்தத்தைத் திறந்தும் வைக்கலாம், பூட்டியும் வைக்கலாம். ‘கொடுத்தபின் கணக்குக் கேட்பது கொடையாகுமா?’ என்பர் அதனை விரும்புவோர். அழகிய வினா. ஆயினும் பொதுக் கிணற்றைத் தூர்வாரிய ஒருவர், தாம் வாரிய பகுதிக்குமட்டும் மூடி போட்டுப் பூட்டினால் ஊரார் ஒப்புவரோ? கிணற்றில் நீர் குறையும், நிரலோ எத்துணைப் படிகள் எடுத்தாலும் குறையாது என்று அவர்கள் விடையிறுப்பர். அதுவும் மெய்யே. சொல்லளவில் இவ்வழக்குத் தீராது போலும்!

என்னைக் கடமையின் பக்கம் சாய்த்தது ஓர் உண்மை நிகழ்ச்சி. 2003-ஆம் ஆண்டு, லிங்க்சிஸ் என்னும் பெயரில் விற்பனையான இணைய வழிச்செலுத்திக் கருவி ஒன்றனுள் லினக்ஸ் இயங்குவதைச் சிலர் கண்டறிந்தனர். லினக்ஸ், பொது உரிமத்தின்கீழ் வழங்கப்படுவது. ‘கருவியை விற்றீர்கள், நிரல் எங்கே?’ என்று கேட்டனர். அவ்வாண்டிலேயே நிரல் வெளியிடப்பட்டது. அதனை அடியாகக் கொண்டு, 2004-இல் ‘ஓப்பன்வர்ட்’ என்னும் திட்டம் தோன்றியது. இன்று பல நிறுவனங்களின் கருவிகளில் அது இயங்குகின்றது. ஆக்கியோர் கைவிட்ட பழைய கருவிகள் சிலவும் அதனால் உயிர்பெற்றுள்ளன. கேட்கும் உரிமை இல்லாதிருந்தால் வெறும் வேண்டுகோளே எஞ்சியிருக்கும்.

கடமையை ஏற்போரிடையேயும் எல்லை எது என்பதில் ஒருமைப்பாடு இல்லை. நிரலை எவர்க்கும் வழங்காமல், தம் பொறியிலேயே இயக்கி, இணையம் வழியாகப் பயனை மட்டும் அளிக்கும் நிறுவனங்கள் பெருகின. அவை நிரலை ‘வழங்கவில்லை’. ஆகவே கடனும் இல்லை! இவ்விடைவெளியை அடைக்க 2007-இல் ‘குனு அஃபெரோ’ என்னும் தனி உரிமம் வெளிவந்தது. அவ்வாண்டே பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பும் வந்தது. திருத்திய நிரலை, மக்கள் தாம் வாங்கிய கருவியில் இட்டு இயக்கவொட்டாமல் பூட்டுவதை அது பெரிதும் தடுத்தது. லினக்ஸை ஆக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு உடன்படவில்லை. திருத்திய நிரல் திரும்பிவந்தால் போதும், கருவியை எப்படி அமைப்பது என்பது அதனைச் செய்தவர் விருப்பம் என்பது அவர் கொள்கை. 1992-இல் பொது உரிமத்தை ஏற்ற லினக்ஸின் கருவகம், இன்றும் அதன் இரண்டாம் பதிப்பின்கீழேயே வழங்கிவருகின்றது.