அத்தோ வரைகிறவர்

சென்னை பாரிமுனையின் சாப்பாட்டு வரலாற்றை ஓர் உள்ளூர் இதழ் படங்களாகப் போடப்போகிறது, வரைகிறவர் நண்பரின் தங்கை என்று தெரிந்ததும் நானும் ஒட்டிக்கொண்டேன். "வாங்கண்ணா, ஆனா நின்னுக்கிட்டே இருக்கணும்" என்றார். செகண்ட் லைன் பீச் சாலையில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகளைச் சுற்றி மாலையில் எல்லாருமே நின்றுதான் சாப்பிடுகிறார்கள்.

1962இல் பர்மாவில் நே வின்னின் ராணுவ ஆட்சி வந்தது. தொடர்ந்து கடைகள் அரசுடைமையாயின. 1964இல் ஐம்பது, நூறு கியாட் தாள்கள் செல்லாமல் போயின. தமிழர்கள் கப்பலேறினார்கள். அப்படி வந்தவர்களுக்காக 1969இல் உருவானது பர்மா பஜார். எழுதுகிறவனுக்கு இது நாலு வரி. வரைகிறவருக்கு அப்படியில்லை. மூட்டையோடு இறங்கியவர்கள் தங்கள் தட்டைப் படம் பிடித்தா வைத்திருப்பார்கள்? கேட்டுக் கேட்டுத்தான் வரைய வேண்டும்.

சிறுவனாகக் கப்பலில் வந்த கடைக்காரப் பெரியவரிடம் பென்சில் படத்தை நீட்டினார். ரங்கூன் தெருவில் ஒரு தள்ளுவண்டி. "வண்டியெல்லாம் இங்க வந்தப்புறம்தாம்மா. அங்க காவடி. ஒரு பக்கம் அடுப்பும் சூப்பும், இன்னொரு பக்கம் தட்டு முட்டு." அழித்தார். அடுத்து கை. ஆரஞ்சு நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ என்னும் தட்டை எல்லாம் கிண்ணத்தில் விழுந்த பிறகு, விரல்கள் அடியில் போய் அள்ளித் தூக்கிப் போடுகின்றன. பிசைவதில்லை. "நீ சோறு பிசையுற மாதிரில்ல போட்டிருக்க!" மறுபடி அழித்தார். அந்த ஒரு கைக்காகவே மாலை முழுதும் போனது. நான் அதற்குள் இரண்டு தட்டு முடித்துவிட்டேன். வாழைத்தண்டு சூப் தனிக்கணக்கு.

மைக்கு அவர் வைத்திருப்பது தொட்டு எழுதும் பழைய பேனா. அழுத்தினால் நிப்பின் இரண்டு நாக்கும் விரிந்து கோடு தடிக்கும், தளர்த்தினால் மயிரிழை. சிக்கிக் கிடக்கும் நூடுல்ஸை ஒரே இழுப்பில் போடுகிறார். எண்ணெய் மினுங்கும் இடத்தில் தாளைச் சும்மா விட்டுவிடுகிறார். மலிவுத் தாளில் ஆரஞ்சு மங்கிப் பழுப்பாகிவிடும் என்பதால் மஞ்சளைக் கூட்டிப் பூசுகிறார். அப்புறம் கணினியில் என்னென்னவோ செய்தார், எனக்குப் புரியவில்லை.

கூலி? விளம்பரம் பிடித்துத் தருகிறவருக்குக் கமிஷன் உண்டு. அச்சகத்துக்கு முன்பணம் உண்டு. வரைந்தவருக்கு "பேர் போடுறோம்மா". பேரை வைத்து மை வாங்க முடியுமா? வட்டார வரலாறு, மண்ணின் ருசி என்று மேடையில் உருகுகிறவர்கள், அதைத் தாளில் கொண்டுவருகிற கைக்கு ஒரு தட்டு அத்தோவின் விலையைக்கூட எண்ணி வைப்பதில்லை. தேநீர்க்கடையில் இதை நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் நிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதழிலிருந்து தொலைபேசி. கப்பலைப் பக்கம் முழுக்கப் பெரிதாகப் போட வேண்டுமாம், காவடி சின்னதாக இருந்தால் போதுமாம்.

"கப்பல்ல யாரும் அத்தோ சாப்பிடலையே சார்" என்றார். காவடியைத்தான் பெரிதாக வரைந்து அனுப்பினார்.