ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு



எங்கள் தமிழ்ப்பள்ளியில் மாதந்தோறும் பெற்றோருக்கு அனுப்பும் அறிவிப்பை எழுதுவது என் பொறுப்பு. மே 16 ஆசிரியர் தினம், ஆகஸ்டு 31 தேசிய தினம். இவற்றுக்கு நாள் தேட வேண்டியதில்லை. பெற்றோர் கைகொடுக்க வேண்டிய கோத்தோங் ரோயோங் துப்புரவுப் பணிக்குத்தான் நாள் அமைவதில்லை.

ஜொகூரில் 2014 முதல் 2024 வரை வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஞாயிறு பள்ளி நாள். விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலருக்கோ ஞாயிறுதான் ஓய்வு. 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆனது.

இனி அனைவரும் வரலாம் என மகிழ்ந்து, துப்புரவுப் பணியை ஒரு ஞாயிறன்று குறித்தேன். அறிவிப்பை வாங்கிய மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் தயங்கி நின்றான்.

"ஐயா, அன்னிக்குத்தான் அப்பா வீட்ல இருப்பாரு."

வருகை குறைந்த போதெல்லாம் பெற்றோருக்கு அக்கறையில்லை என்று எழுதியவன் நான். வெட்கமாயிருந்தது. தலைமையாசிரியரிடம் பேசி, பணியைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினோம். இரண்டு மணி நேரமாகவும் சுருக்கினோம்.

பத்துப் பேரே வந்தனர். அடுத்த மாத அறிவிப்பில் அவர்களுக்கு நன்றி மட்டும் எழுதினேன்.