'ரிக் அப்' செய்யத் தெரியுமா?

ஐப்பசி அடைமழை. மாடியில் கொடி அறுந்துவிட்டது. பழைய புடைவைக் கரையைக் கிழித்து முறுக்கி, ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் நடுவே கட்டி, குழந்தையின் துணிகளை உலர்த்திவிடுகிறீர்கள். சகோதரிகளே, நீங்கள் செய்த காரியத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயர் தெரியுமா? 'ரிக் அப்'!

பாய்மரக் கப்பலில் கயிறும் பாயும் கட்டுகிற வேலைக்கு 'ரிக்' என்று பெயர். அந்த வார்த்தை மெல்லக் கரையேறி, கையில் கிடைத்ததைக் கொண்டு அவசரத்துக்கு ஒன்றை அமைத்துக்கொள்வதற்கும் வழங்கலாயிற்று. நடுவில் 'இட்' வந்தால் 'ரிக் இட் அப்' என்று சொல்லவேண்டும். 'அப்'பை மட்டும் மறந்துவிடாதீர்கள். தேர்தலை 'ரிக்' செய்தார்கள் என்றால் மோசடி செய்தார்கள் என்று அர்த்தம்!

இதற்கு ஒரு பங்காளி உண்டு: 'காபிள் டுகெதர்'. செருப்புத் தைப்பவரைக் குறிக்கும் 'காபிளர்' என்ற சொல்லுக்கு உறவு. ஏனோதானோவென்று ஒட்டுப்போட்டு ஒப்பேற்றியது என்கிற இளக்காரம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். (கைத்தொழிலாளியை இப்படி மட்டம் தட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்வது, பாஷை நம்மைக் கேட்டா நடக்கிறது?)

என் அண்ணா பெண்ணுக்கு வேலை நிரந்தரமாகவேண்டிய மாதம். மேலதிகாரி இரண்டு நாள் கண்விழித்துத் தயாரித்த திட்டத்தைப் பாராட்டிக் கடிதம் எழுதியிருந்தாள். "அத்தை, கேளுங்கோ" என்று போனில் படித்தாள். 'தாங்கள் காபிள் டுகெதர் செய்த அருமையான திட்டம்' என்று வந்ததோ இல்லையோ, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடி பெண்ணே, அனுப்பிவிட்டாயா?"

"இன்னும் இல்லை, அத்தை."

நல்ல வேளை! 'புட் டுகெதர்' என்று மாற்றச் சொன்னேன். அதில் இளக்காரம் இல்லை.

'ரிக் அப்'பில் அந்த இளக்காரம் கிடையாது. சில சமயம் உயிரே அதில் தொங்கும். 1970 ஏப்ரலில் சந்திரனுக்குப் புறப்பட்ட அப்பல்லோ 13-ல், பூமியிலிருந்து சுமார் 2 லட்சம் மைல் தூரத்தில் பிராணவாயுத் தொட்டி வெடித்தது. லோவல், ஸ்விகர்ட், ஹைஸ் மூவரும் சந்திரனில் இறங்குவதற்கென்று வைத்திருந்த சிறு கலத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அது இருவர் இரண்டு நாள் தங்குவதற்காகச் செய்தது. மூவர் விட்ட மூச்சில் கரியமிலவாயு ஏறிக்கொண்டே போயிற்று. அதை உறிஞ்சும் பெட்டிகள் தாய்க்கலத்தில் மிச்சம் இருந்தன. ஆனால் அவை சதுரம். சிறு கலத்தின் துவாரமோ வட்டம்! பூமியிலிருந்த எஞ்சினீயர்கள், கலத்தில் என்னென்ன சாமான் உண்டோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு வழி கண்டுபிடித்து, ரேடியோவில் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். பிளாஸ்டிக் பை, குறிப்புப் புத்தகத்தின் அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டும் டேப். மேலே இருந்தவர்கள் அதை அப்படியே 'ரிக் அப்' செய்தார்கள். கரியமிலவாயு மளமளவென்று இறங்கியது. ஏப்ரல் 17-ந் தேதி மூவரும் பத்திரமாகப் பசிபிக் கடலில் வந்து இறங்கினார்கள்.