விரல் கணுவில் ஆறு உரிமைகள்

மாவட்ட மைய நூலகத்துக்குள் பேசக்கூடாது. அதனால் அந்த இரு பெண்களும் வாசற்படிக்கு வந்துவிட்டார்கள். வேப்பமர நிழல். பக்கத்தில் காலியான இரண்டு டிபன் பாக்ஸ்கள். எதிர்த் திண்ணையில் தினத்தாளோடு நான்.

"பகுதி மூணு" என்கிறாள் கண்ணாடி போட்டவள்.

மஞ்சள் துப்பட்டாக்காரி கண்ணை மூடுகிறாள். பெருவிரல், ஆட்காட்டி விரலின் முதல் கணுவில் போய் உட்கார்கிறது. "ச, சு, சு." விரல் மாறுகிறது. "ச, க, தீ."

சமத்துவம், சுதந்திரம், சுரண்டல் எதிர்ப்பு. சமயம், கல்வி-கலாசாரம், தீர்வு. இரண்டு விரல், ஆறு கணு, ஆறு அடிப்படை உரிமைகள்.

"எதுல எத்தனை பிரிவு?"

"542421. பின்கோடு மாதிரி வெச்சுக்கோ. 14-ல ஆரம்பி. அஞ்சு, நாலு, ரெண்டு, நாலு, ரெண்டு, ஒண்ணு."

எண்ணிப் பார்க்கிறாள். "30-க்கு அப்புறம் 32 வருது. 31 எங்கடி?"

"சொத்துரிமை. 1978, 44-வது திருத்தத்துல எடுத்துட்டாங்க. இப்ப 300அ. ஆனா அடிப்படை உரிமை இல்ல."

22 பகுதிகளும் 395 பிரிவுகளுமாக 1949-ல் ஏற்கப்பட்ட அரசமைப்பு, கண்ணாடிக்காரியின் மடியில் தடித்த கைடாகக் கிடக்கிறது. முதுகில் செலோடேப். வெறும் மனப்பாடம் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாடு கொடுத்த வாக்கை, வாய்ப்பாடு போல விரலில் ஏற்றிக்கொள்கிறார்கள் இந்தப் பிள்ளைகள்.

"14?"

"சட்டத்தின் முன் எல்லாரும் சமம்."

"15?"

"ம-இ-சா-பா-பி. மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம். எதை வெச்சும் பாகுபாடு கூடாது."

"16?"

"அரசு வேலையில சம வாய்ப்பு. அதை நம்பித்தானே இங்க உக்காந்திருக்கோம்!"

இருவரும் சிரிக்கிறார்கள்.

"17?"

பெருவிரல் கணுவை விட்டு விலகுகிறது. கண் திறக்கிறது.

"தீண்டாமை ஒழிப்பு."

"இதுக்கு என்ன ஷார்ட்கட்?" பேனா நோட்டின் மேல் காத்திருக்கிறது.

"இது எனக்கு மறக்காதுடி."

கண்ணாடிக்காரி பேனாவை மூடுகிறாள். ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுகிறாள். மஞ்சள் துப்பட்டாக்காரி அண்ணாந்து ஊற்றப் போக, "வாய் வெச்சே குடிடி" என்கிறாள். குடிக்கிறாள். பாட்டிலை வாங்கி, துடைக்காமல், இவளும் வாய் வைத்துக் குடிக்கிறாள்.

"18?"

"பட்டங்கள் ஒழிப்பு."

பெருவிரல் மறுபடி கணுவுக்கு வருகிறது.