ஒரு குடம் நல்ல தண்ணீர்

சவ்வூடு பரவல் என்றொரு பாடம் நம் வேதியியல் வகுப்பில் உண்டு. மெல்லிய சவ்வு ஒன்றின் ஒருபுறம் நன்னீரும் மறுபுறம் உப்பு நீரும் இருந்தால், நன்னீர் தானாகவே உப்பின் பக்கம் போய்ச் சேரும். இதற்கான அழுத்தத்தைச் சமன்பாடாக்கிய வாண்ட் ஹாஃப் என்பார், 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றார். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும் என்று மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் பலர் அன்றோ! எனக்கு மட்டும் அந்த நீர் திரும்பி வரும் வழிதான் கண்ணில் நின்றது. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்தில், தள்ளுவண்டியில் ஐந்தாறு குடங்களை வைத்துத் தள்ளிச் செல்லும் பெண்களின் ஊர் எங்களுடையது.

பல கல்லூரிகளின் வேதியியல் துறைகள் கூடிக் கடலோரக் கிணறுகளை ஆராய்கின்றன. விருப்பமுள்ள மாணவர்கள் சேரலாம் என்று பேராசிரியர் சொன்னார். அன்றே பெயர் கொடுத்தேன். ஆய்வு என்றதும் வெண்ணிற அங்கியும் பெரிய பெரிய கருவிகளும் மனத்தில் வந்தன. கையில் கிடைத்தவை ஆறு பிளாஸ்டிக் குப்பிகளும் ஒரு நோட்டும்!

முதல் குப்பி எங்கள் தெருக் கிணற்றினுடையது. பொட்டாசியம் குரோமேட் இட்ட மஞ்சள் நீர் செங்கல் நிறம் காட்டும்வரை வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பியூரெட் முழுவதும் காலியாயிற்று, நிறம் மாறவில்லை. பத்து மடங்கு நீர்த்த பிறகே முடிவு கிடைத்தது. பிறந்தது முதல் நாவில் இருந்த கரிப்பு அன்று ஓர் எண்ணாயிற்று.

ஒரே ஒரு கிணற்றின் எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்வதற்கில்லை. ஒரே வாரத்தில், ஒரே முறையில், கடற்கரையிலிருந்து உள்நாடு வரை எல்லா ஊர்களிலும் அளந்தால்தான் கடல் உள்ளே புகுகிறதா, மண்ணே உப்பா என்று ஊகிக்க முடியும். அதனால்தான் பலர் கூட வேண்டியிருக்கிறது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அத்தனையும் சாதாரண உப்பே என்று கொண்டு வாண்ட் ஹாஃப் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தேன்: 29 வளிமண்டல அழுத்தத்துக்கும் சற்று மேல். முந்நூறு மீட்டர் உயர நீர்த்தூண் அழுத்துவதற்குச் சமம். அதைவிட அதிகமாக அழுத்தினால்தான் நன்னீர் திரும்பி வரும். அவ்வளவு அழுத்தத்தில் போதிய நீரைக் கசியவிடும் சவ்வை 1960-ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் உருவாக்கிய இருவருள் ஒருவர் இந்தியாவில் பிறந்த சௌரிராஜன். இப்பெயர் நம் பாடநூலில் இல்லாதது எனக்கு வருத்தமே. சென்னைக்காக 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் எழுந்தது இந்த வழியில்தான். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும்.

செலவை விட எனக்குக் கவலை தருவது கழிவு. சவ்வு உப்பை அழிப்பதில்லை, ஒதுக்குகிறது, அவ்வளவே. நெம்மேலியில் அதை வாங்கிக்கொள்ளக் கடல் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு சிறு சுத்திகரிப்பு அறை இருந்தது. நன்னீர் குடத்துக்குப் போகும். முன்னிலும் கரித்த மிச்சம் வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போகும். பிறகு சவ்வு அடைத்துக்கொண்டது. அறைக்குப் பூட்டு விழுந்தது. ஊருணிக்கு அருகிலுள்ள கிணறுகளை அளக்கும்படி கூட்டத்தில் கேட்டேன். ஏற்றுக்கொண்டார்கள்.

ஊரில் எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. கணக்கு வெளியே போனால் ஊர்ப் பெயர் கெடும், பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்றார் ஒருவர். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊர்ப் பெயரை விட்டுக் கிணற்றுக்கு எண் மட்டும் கொடுப்போமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அப்பத்தா வேறு விதம்.

“தாயி, உப்புன்னு என் நாக்கே சொல்லுதே, இதுக்கு ஒரு படிப்பா?”

“எவ்வளவு உப்புன்னு நாக்கு சொல்லாது அப்பத்தா.”

“சரி, எழுதிக்க” என்று தானே வாளியை இறக்கி மொண்டு கொடுத்தாள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் இரண்டாம் முறை நீர் எடுக்க வேண்டும். கிழக்கே இரண்டு ஊர்களுக்கு இன்னும் ஆள் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து வரும் நண்பர்கள் துறை ஆய்வகத்தில் என்னைப் பார்க்கலாம். குப்பிகள் கழுவி வைத்திருக்கிறேன்.