ரைன்ஹார்ட் பிரபு விதைத்த காடு

ஹான் முண்டன்,
செப்டம்பர் மாத இறுதி

அன்பு மிக்க நண்பருக்கு,

ஜெர்மனியின் மத்திய பாகத்தில், ஹெஸ்ஸே மாநிலத்தின் வடகோடியில், வேஸர் நதிக்கும் டீமல் ஆற்றுக்கும் இடையே சுமார் 200 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் ரைன்ஹார்ட்ஸ்வால்ட் என்னும் வனத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு இன்று மாலை இவ்வூர் வந்து சேர்ந்தேன். பாலப் பிராயத்தில் நாம் படித்து மயங்கிய இரண்டு கதைகளுக்கு, அதாவது முள்வேலிக்குள் நூறாண்டு உறங்கிய இளவரசியின் கதைக்கும், கோபுரத்து ஜன்னல் வழியே கூந்தலை இறக்கிய ராபுன்ஸலின் கதைக்கும், இவ்வட்டாரத்தார் தங்கள் காட்டின் ஓரத்திலேயே கோட்டை காட்டுகிறார்கள். அவற்றைக் காணத்தான் வந்தேன். ஆனால் என் மனத்தில் நிலைத்தவை கோட்டைகள் அல்ல என்பதையே முக்கியமாகத் தங்களுக்கு எழுத வேண்டும்.

இந்த வனம் உண்டான வரலாற்றைப் பற்றி ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. முன்னொரு காலத்தில் ரைன்ஹார்ட் என்ற பிரபு, பாடர்போர்ன் நகரத்து மேற்றிராணியாரோடு பகடையாடி, வயலும் கிராமமும் குடிகளுமாகத் தன் உடைமை அனைத்தையும் பணயம் வைத்துத் தோற்றானாம். தோற்றவன், இன்னும் ஒரே ஒரு முறை விதைத்து அறுத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று கெஞ்ச, ஒரு போகந்தானே என்று மேற்றிராணியாரும் தாராளமாக வாக்களித்துவிட்டார். ரைன்ஹார்ட் கோதுமையை விதைக்கவில்லை. நிலமெங்கும் ஓக் மரத்தின் கொட்டைகளை விதைத்தான். அந்த அறுவடைக்குக் காத்திருந்த மேற்றிராணியாரும் போனார், அவருக்குப் பின் வந்தவர்களும் போனார்கள், காடு நின்றுவிட்டது.

இக்கதையை வெறும் கற்பனை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், மத்திய காலத்தின் பிற்பகுதியில் குடிகள் விட்டுப்போய்ப் பாழடைந்த கிராமங்கள் இந்த வனத்துக்குள் ஏராளமாக உண்டு. அவற்றின் ஏர்ச்சால்கள் மேடும் பள்ளமுமாக மரங்களின் கீழ் இன்றும் பல இடங்களில் தென்படுகின்றன. வயல் காடாக மாறியதைப் பார்த்த ஜனங்கள், அதற்கு ஒரு காரணத்தைத் தேடிப் பகடைக் காய்களைக் கண்டுபிடித்தார்கள் போலும்.

காஸல் நகரத்திலிருந்து ரயிலில் ஹோஃப்கைஸ்மார் வரை சென்று, அங்கிருந்து பஸ் ஏறினேன். உறங்கும் இளவரசியின் இருப்பிடமாகக் கருதப்படும் சாபாபுர்க் கோட்டையை 1334ஆம் ஆண்டில் மைன்ஸ் நகரத்துப் பேராயர், அருகிலுள்ள கோட்ஸ்பியூரன் என்ற க்ஷேத்திரத்துக்கு வரும் யாத்திரிகர்களின் பாதுகாப்புக்காகக் கட்டுவித்தார். பிற்பாடு ஹெஸ்ஸே பிரபுக்களின் கைக்கு வந்து வேட்டை மாளிகையாயிற்று. அவர்களுள் ஒருவரான நான்காம் வில்ஹெல்ம் 1571இல் கோட்டையின் அடிவாரத்தில் ஒரு மிருகவனம் அமைத்து, மிருகங்கள் தப்பாமலிருக்க அதைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்துக்கு முட்செடிகளை வேலியாக வளர்த்தார். பின்னாளில் அந்த வேலியின் இடத்தில் கல்மதில் எழுந்தது. முள் சூழ்ந்த மலை, பாழடைந்த கோட்டை என்று இவ்வளவு பொருத்தம் அமைந்துவிட்ட பிறகு, ஜனங்கள் ஓர் இளவரசியை உள்ளே உறங்க வைத்ததில் வியப்பென்ன? ஆனால் இத்தகைய கதைகளைத் தொகுத்து வெளியிட்ட கிரிம் சகோதரர்களுக்கு உறங்கும் இளவரசியின் கதையைச் சொன்னவள் இந்தக் காட்டுக் குடியானவளல்லள். காஸல் நகரத்தில் வசித்த உத்தியோகஸ்தர் ஒருவரின் மகளான மாரி ஹாசன்ஃப்ளுக். அதே கதையைப் பெரோ என்ற பிரெஞ்சு ஆசிரியர் 1697இலேயே அச்சிட்டிருந்தார்.

ராபுன்ஸலின் கோபுரமாகக் காட்டப்படும் டிரெண்டல்புர்க் கோட்டையில் ஒரு நீண்ட பின்னலைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். குழந்தைகள் அதைக் கண்டு மகிழ்கிறார்கள். அதற்கு மேல் எழுத அங்கே அதிகமில்லை.

சாபாபுர்க்கிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஆதிவனம் என்ற பெயரில் 92 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு பழைய காடு இருக்கிறது. தியோடோர் ரோஹோல் என்ற ஓவியர் விடாமல் வாதாடியதன் பயனாக 1907இல் அதற்குக் கோடரி விலக்கப்பட்டது; அதுவே ஹெஸ்ஸேயில் முதன்முதல் பாதுகாப்புப் பெற்ற இயற்கைச் சரணாலயம். உள்ளே நுழைந்ததும், கிளைகள் முறிந்து விழக்கூடும் என்ற எச்சரிக்கைப் பலகை நம்மை எதிர்கொள்கிறது. ஆளுயரப் பெரணிச் செடிகளுக்கு இடையே ஒற்றையடிப் பாதை செல்கிறது. சாய்ந்த மரத்தைச் சாய்ந்தபடியே விட்டிருக்கிறார்கள். அதன் முதுகில் பாசி, பாசியின் மேல் இளம் பீச் கன்று. உள்ளே குடைபட்டு, பட்டையும் ஓரடி மரமுமாக மட்டும் நிற்கும் ஒரு கிழ ஓக்கின் பிளவுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் வட்டமாக ஆகாயம் தெரிந்தது. சுவரைத் தொட்டதும், காளான் தின்ற மரம் செங்காவி நிறத்தில் சிறுசிறு கட்டிகளாகப் பிளந்து என் உள்ளங்கையில் உதிர்ந்து பொடியாயிற்று. அப்படியிருந்தும் வெளிப்புறத்தில், ஜீவன் தங்கிய ஒரு பக்கத்துப் பட்டையின் பலத்தால், அம்மரம் அந்த வருஷத்து இலைகளையும் கொட்டைகளையும் தாங்கிக்கொண்டிருந்தது.

ஆதிவனம் என்று பெயரிருந்தாலும், மனிதன் கை படாத காடன்று அது. நூற்றாண்டுக் கணக்காகச் சுற்றுவட்டாரக் கிராமத்தார் தங்கள் மாடுகளையும் குதிரைகளையும் பன்றிகளையும் ஓட்டிவந்து மேய்த்த மேய்ச்சற்காடு. இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகளைத் தின்று பன்றிகள் கொழுத்தால்தான் குளிர்காலத்துக்கு இறைச்சியும் கொழுப்பும் கிடைக்கும். ஆகையால் காய்க்கும் மரத்தை வெட்டாமல் காத்து, வெயில் படும்படி இடைவெளி விட்டு வளர்த்தார்கள். நெருக்கத்தில் வளரும் மரம் ஒளியைத் தேடி நெட்டென ஓடும். இவையோ, தாராளமாக இடம் பெற்றதனால், தாழ்வாகவே கிளைத்துப் பெரிய கல்யாணப் பந்தலைப் போல் நாலாபக்கமும் விரிந்து நிற்கின்றன. மரத்தின் வடிவத்திலேயே மேய்ப்பவனின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத பன்றி மேய்ப்பவர்களே இவ்வனத்தின் சிற்பிகள் என்று அறிந்தபோது எனக்கு அவர்கள்மேல் உண்டான மரியாதை, பிரபுக்களின் கோட்டையைக் கண்டபோது உண்டாகவில்லை.

அந்த மரியாதையோடு சேர்த்தே, கிரிம் சகோதரர்களுக்குக் கதை சொன்ன டொரோத்தியா ஃபீமன் என்ற மூதாட்டியையும் நினைத்துக்கொண்டேன். 1755இல் பிறந்த அவர், காஸலுக்குத் தெற்கே ராஜபாட்டையின் ஓரத்தில் சத்திரம் நடத்தியவரின் மகள். வண்டிக்காரரும் சிப்பாய்களும் ஊர் ஊராய்த் திரியும் தொழிலாளரும் இராத்தங்கிச் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். தந்தை வழியில் அவர் மூதாதையர், மதத்தின் பொருட்டு பிரான்ஸை விட்டு ஓடிவந்த ஹியூகனாட் அகதிகள். ஒரு தையற்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, யுத்த காலத்தில் வறுமையுற்று, தோட்டத்துக் காய்கறிகளைக் காஸல் நகரத்துக்குக் கொண்டுவந்து விற்றுப் பிழைத்தார். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் பெண்கள் மூலம் அவரைப் பற்றிக் கேள்வியுற்ற கிரிம் சகோதரர்களான யாகோபும் வில்ஹெல்மும், 1813 முதல் அவரை வீட்டுக்கு அழைத்துக் கதை கேட்டார்கள். முதலில் தங்குதடையின்றிச் சொல்லி, எழுதிக்கொள்ள வேண்டுமென்றால் மறுபடி நிதானமாகச் சொல்லி, ஒரு சொல் பிசகினாலும் உடனே தாமே திருத்திக்கொள்வாராம். இதைச் சகோதரர்களே தங்கள் கதைத் தொகுப்பின் முன்னுரையில் வியந்து பதிந்திருக்கிறார்கள். வாத்து மேய்க்கும் இளவரசியின் கதை முதலாகப் பல கதைகள் அவர் வாக்கில் வந்தவை. 1815ஆம் ஆண்டு தேதியிட்டு அத்தொகுப்பின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே அவர் வறுமையில் காலமானார். அவரைக் கலப்பற்ற ஹெஸ்ஸே குடியானவள் என்று சகோதரர்கள் சித்திரித்தது பூரண உண்மையன்று. எனக்கென்னவோ, பாட்டையோரத்துச் சத்திரத்தில் பல தேசத்துக் குரல்களைக் கேட்டு வளர்ந்த பெண் என்பதே அவருக்கு மேலான பெருமையாகத் தோன்றுகிறது.

காட்டின் இன்றைய நிலை கவலை தருகிறது. 2018 ஜனவரியில் வீசிய புயலும், தொடர்ந்து வந்த வறட்சியும், பட்டை துளைக்கும் வண்டும் சேர்ந்து, மரவியாபாரத்தை உத்தேசித்து வரிசையாக நடப்பட்டிருந்த ஸ்ப்ரூஸ் மரங்களைப் பெருவாரியாக அழித்துவிட்டன. மேட்டு நிலங்கள் பல இடங்களில் வெறும் கட்டைகளாகக் கிடக்கின்றன. வடபகுதியில் 18 காற்றாலைகள் நிறுவ 2022இல் அனுமதி கிடைத்ததை ஒட்டி ஊராரிடையே கடும் பிணக்கு இருக்கிறது. மின்சாரமும் வேண்டும், காடும் வேண்டும். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வந்து போகிறவனுக்கு உரிமையில்லை. ஆயினும் வெட்டவெளியான இடங்களில் மறுபடி ஒரே இன மரத்தை வரிசை பிடித்து நடாமல், ஓக்கும் பீச்சும் கலந்து வளர விடவேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். வறண்ட கோடைகளையும் தாண்டிப் பந்தல் விரித்து நிற்கும் கிழமரங்களைக் கண்ணாரக் கண்டுவிட்டேனே!

வெர்ராவும் ஃபுல்டாவும் கூடி வேஸர் என்று பெயர் பெறும் சங்கமம் நான் தங்கியிருக்கும் விடுதிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நாளை காஸலுக்குப் புறப்படுகிறேன். கிரிம் சகோதரர்கள் தங்கள் கைப்படத் திருத்தங்கள் எழுதி வைத்திருந்த கதைப் புத்தகப் பிரதிகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2005இல் இடம் பெற்றவை. காஸலிலுள்ள கிரிம்வெல்ட் காட்சிசாலையில் அவற்றைப் பார்க்கக் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். ஃபீமன் அம்மையாரின் கதைகள் உள்ள பக்கங்களின் ஓரத்தில் என்னென்ன குறித்திருக்கிறார்கள் என்று அறிய ஆவலாயிருக்கிறது. விவரம் அடுத்த கடிதத்தில்.

தங்கள் அன்புள்ள
நண்பன்