ஆறு சுற்றிப் போகட்டும், நாம் குறுக்கே நடப்போம்

கோப்லென்ஸ்
10 மே 2026

அன்புள்ள யாழினி,

உன் கடிதம் கிடைத்தது. ட்ரியரில் அறை அமைந்ததும் வகுப்புகள் தொடங்கியதும் மனசுக்கு நிம்மதி. ஆனால், “கார் இல்லாமல் இங்கே எங்கேயும் போக முடியாது சித்தி, மலையெல்லாம் கார் வைத்திருப்பவர்களுக்குத்தான்” என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் இந்த ஜெர்மனியில் ஓட்டுநர் உரிமமே எடுக்காதவள். மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நான் நடந்த பாதை ஒவ்வொன்றுக்கும் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்த்தான் நடந்திருக்கிறேன். காரில் வருகிறவர்களைப் பார்த்து ஏங்க வேண்டிய அவசியம் ஒரு நாளும் வந்ததில்லை.

கார் வைத்திருப்பவர் காலையில் வண்டியை எங்கே விட்டாரோ அங்கேயே திரும்பி வந்தாக வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு ஊரில் இறங்கலாம், மலையேறி அந்தப் பக்கம் இறங்கலாம், அங்கே எந்த வண்டி வருகிறதோ அதில் வீடு திரும்பலாம். இந்தச் சுதந்திரத்தின் முழு அருமையும் மோசலில்தான் தெரியும். உன் ட்ரியருக்கும் என் கோப்லென்ஸுக்கும் நடுவே நேர்கோட்டில் அளந்தால் 100 கிலோமீட்டர்கூட வராது. ஆற்றோடு வந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு காலத்தில் தாழ்வான நிலத்தில் வளைந்து வளைந்து ஓடிய ஆறு இது. அடியிலிருந்த பாறைநிலம் மெல்ல மெல்ல உயர்ந்தது. ஆறோ தன் வளைவு ஒன்றையும் விடாமல் அந்தப் பாறையை அறுத்துக்கொண்டே கீழே இறங்கியது. அதனால்தான் ஒவ்வொரு வளைவுக்கும் நடுவில் ஒரு மலை முதுகு நிற்கிறது. சாலையும் பஸ்ஸும் ஆற்றுக்குக் கட்டுப்பட்டுச் சுற்றிப் போகும். கால் மட்டும் குறுக்கே போகும்.

முதலில் பெர்ன்காஸ்டலில் தொடங்கு. ட்ரியரிலிருந்து ரயிலில் விட்லிஷ் வரை வந்தால், நிலைய வாசலிலிருந்தே பெர்ன்காஸ்டல்-குவெஸுக்குப் பஸ் இருக்கிறது. நேரம் இருக்கிற நாளில் ஆற்றோரமாகவே போகும் பஸ்ஸைப் பிடி. மெதுவாகத்தான் போகும், ஊர் ஊராக நிற்கும். அந்தக் கரையில் முன்பு ட்ரியரிலிருந்து புல்லாய் வரை ஒரு ரயில் ஓடியது. 1960களில் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த ரயில் செய்த வேலையை இன்று பஸ்தான் செய்கிறது. பெர்ன்காஸ்டலில் இறங்கித் திராட்சைத் தோட்டம் வழியாக மேலே ஏறி, காட்டைக் கடந்து மறுபக்கம் இறங்கினால் ட்ராபன்-ட்ரார்பாக். குறுக்கே ஏழு கிலோமீட்டர் அளவுதான். அதே இடத்துக்கு ஆறு போய்ச் சேர இருபது கிலோமீட்டருக்கு மேல் சுற்றுகிறது. ட்ராபனிலிருந்து சின்ன ரயில் ஒன்று புல்லாய் வரை போகும், அங்கே ட்ரியர் ரயிலைப் பிடித்துக்கொள்ளலாம். போகப் பஸ், நடுவில் கால், திரும்ப ரயில். காரில் போனால் இந்த நடை நடக்காது.

மேலே ஏறும்போது அவசரப்படாதே. செடிகளைப் பக்கத்தில் போய்ப் பார். ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு கம்பு நட்டு, இரண்டு கிளைகளை இரு பக்கமும் வளைத்துக் கீழே கட்டியிருப்பார்கள். தள்ளி நின்று பார்த்தால் இதயத்தின் வடிவம் தெரியும். பழைய தோட்டங்களில் இன்னும் இந்தக் கட்டுதான். சரிவு செங்குத்தாக இருப்பதால் பக்கவாட்டில் கம்பி இழுத்துக் கட்டுவதைவிட, தனிக் கம்பாக இருந்தால்தான் ஆள் எந்தப் பக்கமும் புகுந்து வேலை செய்யலாம். காலடியில் மண்ணே தெரியாது. நீலச் சாம்பல் நிறத்தில் சிலேட்டுக் கல் சில்லுகள், மிதித்தால் ஓட்டுச் சில்லைப் போல ஓசை கொடுக்கும். சாயங்காலம் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார், பகல் முழுக்க வாங்கிய வெயிலை இன்னும் வைத்திருக்கும். இந்த வடக்கில் ரீஸ்லிங் திராட்சை பழுப்பதற்கு அந்தச் சூடு பெரிய துணை. சரிவில் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று பற்சக்கரத்தோடு மேலே போவதைப் பார்ப்பாய். அறுவடைக் காலத்தில் பழக்கூடைகளும் ஆட்களும் அதில்தான் ஏறி இறங்குகிறார்கள். மற்ற வேலையில் பெரும்பகுதி இன்றும் கையால்தான். அந்த உழைப்பைப் பார்த்த பிறகு வழியில் ஒரு பழத்தைக்கூடப் பறிக்க மனசு வராது. பறிக்கவும் கூடாது.

கோக்கெம் பக்கமும் ஒரு நாள் வர வேண்டும். அங்கே ரயில் 4.2 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் புகுந்து சில நிமிஷத்தில் எல்லரில் வெளியே வந்துவிடும். 1879லேயே திறந்த சுரங்கம். ஆறு அதே இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருபது கிலோமீட்டருக்கு மேல் சுற்றுகிறது. அந்தச் சுற்றுக்குள் இருக்கும் ப்ருட்டிஷ், பைல்ஸ்டைன் போன்ற ஊர்களை ரயில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பஸ் இல்லாவிட்டால் அந்த ஊர்க் கிழவிகளுக்கு டாக்டரும் இல்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. பஸ்ஸை நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு விட்ட வசதி என்று நினைத்துவிடாதே. அவர்கள் ஏறுவதால்தான் அது ஓடுகிறது, நாமும் ஏறினால் இன்னும் கொஞ்சம் பலமாக ஓடும்.

ப்ருட்டிஷில் இறங்கி வால்விஷ் வழியாகக் கோக்கெமுக்கே நடந்து வரலாம். ஜூன் மாதம் வெயிலுள்ள நாளாகப் பார்த்துப் போ. வெள்ளை இறகில் சிவப்புப் பொட்டு வைத்த அப்போலோ பட்டாம்பூச்சி அங்கே பறக்கும். மோசலின் இந்தக் கீழ்ப்பகுதிக்கே உரிய கிளையினம் அது. அதன் புழு தின்பது பாறையிலும் கல்சுவரிலும் முளைக்கிற ஒரு சின்னச் சதைப்பற்றுச் செடியை. தோட்டத்தைக் கைவிட்டால் புதர் மூடும், நிழல் விழும், செடி போகும், பட்டாம்பூச்சியும் போகும். எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது என்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. உன் வயதில் நீ பார்த்துவிட வேண்டும்.

எல்லரிலிருந்து ப்ரெம் வரைக்கும் கால்மாண்ட் பாதை. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்றின் குறுக்கே அது போகிறது. சில இடங்களில் 65 பாகை அளவுக்குச் சரிவு. கம்பிக் கயிறும் இரும்பு ஏணியும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். தனியாகப் போகாதே, மழை பெய்த மறுநாளும் வேண்டாம். நல்ல பிடிமானம் உள்ள ஷூ இல்லாமல் கால் வைக்கவே கூடாது. மேலேயிருந்து பார்த்தால் ஆறு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரும், எதிர்க்கரையில் கூரையில்லாத ஸ்டூபன் மடாலயம் தனியாக நிற்கும். முடிந்ததும் பாலம் தாண்டி நேஃப் நிலையத்தில் ரயில்.

எல்ட்ஸ் கோட்டைக்கு எல்லாரும் உன்னை அழைத்துப் போவார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வார இறுதிகளில் மோசல் கரையிலிருந்து கோட்டைக்குப் பஸ் உண்டு. ஏறும்போது பஸ், இறங்கும்போது ஓடையோரமாக மோசல்கெர்ன் வரை நடை. 850 வருஷத்துக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிற கோட்டை அது.

இனி பஸ் விஷயம். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு இருந்தால் நான் சொன்ன ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. ஆற்றைக் கடக்கும் படகுக்கு மட்டும் தனிக் காசு. நேர அட்டவணையில் மணியை மட்டும் பார்க்காதே, பக்கத்தில் இருக்கிற சின்னக் குறியையும் பார். பள்ளி நாளில் மட்டும் ஓடும் பஸ் என்று அங்கேதான் போட்டிருப்பார்கள். சில வண்டிகள் முன்கூட்டியே போன் செய்தால்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சீக்கிரமே ஓய்ந்துவிடும். அதனால் நான் எப்போதும் கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டு அதற்கு முந்தினதைக் கணக்கில் வைத்து நடப்பேன். நிறுத்தத்தில் பஸ் தெரிந்ததும் கையைக் காட்டு, ஏறும்போது ஓட்டுநருக்கு வணக்கம் சொல். கிராமத்தில் அதற்கு மதிப்பு உண்டு.

வருகிற ஞாயிறு மழை இல்லை என்று பார்த்துவிட்டேன். புல்லாய் நம் இருவருக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது, அங்கே சந்திப்போம். மேல் தட்டில் ரயிலும் கீழ்த் தட்டில் வண்டிகளும் நடப்பவர்களும் போகிற, 1878இல் முதன்முதலில் கட்டிய பாலம் ஒன்று அங்கே இருக்கிறது. அதைக் கடந்து மரியன்பர்க்குக்கு ஏறலாம். அந்த முதுகு எவ்வளவு குறுகல் என்றால், இடப்பக்கமும் மோசல், வலப்பக்கமும் மோசல். பிறகு ட்செல் ஊருக்கு இறங்கிப் பஸ்ஸில் புல்லாய்க்கே திரும்பிவிடலாம். காலை பத்து மணிக்குள் வந்துவிடு. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் நான் கட்டிக்கொண்டு வருகிறேன், தண்ணீரும் தொப்பியும் நீ மறக்காதே. எந்த ரயில் என்று சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
சித்தி